நர்ஸ் கை சும்மா இருக்காது

மார்ச் 3, 2025, திங்கள்
நைட் டியூட்டி முடிந்து நாலு மணி நேரத் தூக்கம். எழுந்ததும் ஃபிக்மா, ஆப் திரைகளை வரையும் மென்பொருள். ஆப் டிசைன் கற்றுக்கொண்டிருக்கிறேன். 11 வருஷம் ஊசி பிடித்த கைக்கு மவுஸ் ஒன்றும் பெரிதில்லை, திரையில் இருப்பவற்றைத் தானாக அடுக்கும் ஆட்டோ லேஅவுட்தான் உயிரை வாங்குகிறது. ஒரு பட்டனை நகர்த்தினால் பக்கத்தில் நாலு இடம் மாறுகின்றன. பயிற்சிக்கு எடுத்திருப்பது மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப்.

மார்ச் 9, ஞாயிறு
டோஸை "1.0 மி.கி." என்று நானே போட்டிருக்கிறேன்! வார்டில் யாராவது அப்படி எழுதினால் சண்டைக்கே போயிருப்பேன். புள்ளி மங்கினால் அது 10. முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் கூடாது, .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுது என மாணவிகளிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான். டெம்ப்ளேட்டில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறேன். திரை அழகாக இருந்தால் கண் ஏமாந்துபோகிறது.

டிசைன் சொல்லித்தரும் மென்ட்டர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் பிடித்தது வெளிர் சாம்பல் எழுத்தை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, வேண்டும். எனக்கு வந்தது 2.8.

மார்ச் 17, திங்கள்
தொடர்ந்து டியூட்டி. லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்
முதல் யூசபிலிட்டி டெஸ்ட், அதாவது ஆப்பை மற்றவர்கள் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. ஐந்து பேர் போதும் என்று யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். அந்த ஐந்து பேருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பாடு.

முதலில் ஒரு வயதான அம்மா. "முடிந்தது" பட்டன் மேல் விரல் போகும், திரும்பி வரும். தொட்டால் மருந்தே பட்டியலிலிருந்து போய்விடும் என்று பயம். என் கை தானாக நீண்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்றார். நரம்பு கிடைக்காமல் இரண்டாவது முறை குத்தும்போது நோயாளிகள் கேட்பதும் இதே கேள்விதான்.

"இல்லைங்கம்மா, தப்பு என்னோடது."

மற்ற நாலு பேரில் மூன்று பேர் அதே இடத்தில் தடுமாறினார்கள். இப்போது பட்டனில் "மாத்திரை போட்டாச்சு" என்றிருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு
ஒரே திரையில் மூன்று சிவப்பு எச்சரிக்கை வைத்திருந்தேன். ஐசியூவில் எத்தனை அலாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அமுக்கியிருக்கிறேன்! இரண்டைத் தூக்கிவிட்டேன். செய்த டிசைன்களைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் இந்தக் காரணத்தையும் எழுதினேன். இதுவரை நர்ஸ் வேலையை அதில் கடைசி வரியில் ஒளித்துவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை டிசைன் வேலைக்கு இன்டர்வியூ. அன்றைக்கு என் டியூட்டியைப் பார்க்க ஒருத்தி ஒப்புக்கொண்டாள். பதிலுக்கு இரண்டு நைட் கேட்கிறாள்.