நீயே பார்த்துக்கோ

"நீயே பார்த்துக்கோ" என்று நான் சொன்ன விதம்தான் இன்னும் உறுத்துகிறது. எரிச்சலில் சொன்னேனா, நம்பிச் சொன்னேனா? நம்பித்தான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பார்ட்டிகளின், அதாவது வாடிக்கையாளர்களின், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் கிளியர் செய்து கொடுப்பது என் தொழில். ஷாங்காயிலிருந்து ஒரு பார்ட்டிக்கு ஒரு மெஷின். மறுநாள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது. அன்றிரவுக்குள் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்கான சுங்கப் படிவம், போட்டாக வேண்டும். தவறினால் முதல் 3 நாள் தினமும் 5,000 ரூபாய், அப்புறம் தினமும் 10,000. ஃபைலிங் முழுவதையும் அந்த மாதம்தான் என்னிடம் வேலை பார்க்கும் காசிமேட்டுத் தம்பியிடம் விட்டிருந்தேன். ஃபைல் செய்யுமுன் சரிபார்க்கும் செக்லிஸ்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணா, இன்வாய்ஸ் எஃப்ஓபி. ஃப்ரைட் பேப்பர் இன்னும் வரல. 20 பர்சென்ட் போட்டுடவா?"

எஃப்ஓபி என்றால் கப்பல் கூலி சேராத விலை. அந்தக் கூலி எவ்வளவு என்று காட்டுவதுதான் ஃப்ரைட் பேப்பர். மணலியில் மாட்டிக்கொண்ட டிரெய்லர் டிரைவரோடு நான் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டி "நீயே பார்த்துக்கோ" என்றேன். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனைச் செருகி பின் நம்பரைத் தட்டியதும் நான்தான். செக்லிஸ்டைப் பார்க்கவில்லை.

அவன் செய்தது விதிப்படி சரி. கப்பல் கூலி தெரியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும் என்றுதான் 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. 40 லட்ச ரூபாய் சரக்குக்கு 8 லட்சம் ஏறிவிட்டது. உண்மையான கூலி ஒன்றரை லட்சம். வரி இந்த மொத்தத்தின் மேல்தான். அதில் ஐஜிஎஸ்டியை, இறக்குமதிக்கான ஜிஎஸ்டியை, பார்ட்டி பின்னால் கிரெடிட் எடுத்துத் தன் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சுங்க வரியிலும் சர்சார்ஜிலும் கூடுதலாகப் போன 53,000 சொச்சத்துக்கு அந்த வழி கிடையாது. திருத்தம், ரீஃபண்ட் என்று ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசுக்கு நடையாய் நடக்க வேண்டும்.

செக்லிஸ்ட் பார்ட்டிக்கும் போனது, அவர்களும் பார்த்து ஓகே சொன்னார்கள். தாமதக் கட்டணத்துக்குப் பயந்து அவன் எடுத்த முடிவை என் இடத்தில் இருக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நானாக இருந்தால், சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்த ஃபார்வர்டர் ஆபீசில் இரவிலும் போன் எடுக்கும் ஒருவரைக் கூப்பிட்டிருப்பேன். பத்து நிமிடத்தில் பேப்பர் வந்திருக்கும். அந்த நம்பர் என் போனில் இருக்கிறது, அவனிடம் இல்லை. வேலையைக் கொடுத்தவன் அதைக் கொடுத்தேனா?

எனக்கும் யாரும் எந்த நம்பரும் கொடுத்ததில்லை. தம்புச் செட்டித் தெருவுக்கும் கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்துதான் ஆட்களைப் பிடித்தேன். அவனும் அப்படிப் பழகட்டும் என்று நினைத்தது தப்பா? சில நாள் தப்பில்லை என்று படுகிறது. அப்புறம், பார்ட்டி கத்தியபோது காசிமேட்டுப் பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வருகிறது. "அண்ணாகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அவன் எல்லாவற்றையும் கேட்கிறான். நூறு தடவை போட்ட, சரக்கு வகையைச் சொல்லும் எச்எஸ் கோடைக்கூடக் கேட்கிறான். நானும் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சீக்கிரம் முடிகிறது. பொறுப்பைப் பகிர்ந்து கொடு என்று மற்றவர்களுக்குச் சொல்லும் ஆள் நான்.

போன வாரம் மறுபடி ஒரு எஃப்ஓபி இன்வாய்ஸ், மறுபடி ஃப்ரைட் பேப்பர் இல்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்து நானே பேசிவிட்டேன். பேப்பர் வந்தது. அவன் பிரிண்ட் எடுக்கப் போனான். அந்த நம்பரை அவனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தேன்.