சோடியம் குறைந்தால் தண்ணீரைக் குறைப்பதா, ஏற்றுவதா?

"தலையில்தானே சிஸ்டர் ஆபரேஷன், உடம்புல உப்பு எப்படிக் குறையும்?" நியூரோ ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கையோடு, வீட்டிலிருந்து உப்புப் போட்ட கஞ்சி கொண்டுவரட்டுமா என்றும் கேட்பார்கள். வேலை நெருக்கடியில் யாரும் நின்று பதில் சொல்வதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்தில் சோடியம், அதாவது நீங்கள் கேட்கிற அந்த உப்பு, 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு, கட்டி, விபத்தில் அடி என்று எதற்கு ஆபரேஷன் செய்திருந்தாலும், அடுத்த சில நாட்களில் இது 130-க்குக் கீழே இறங்குவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உடம்பில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே மூளைதான். ஏ.டி.எச். என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது, தண்ணீரைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. சோடியம் இறங்கினால் மூளையின் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வீங்கும். ஆபரேஷன் ஆன மூளை ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கும், மண்டையோட்டுக்குள் அதற்கு மேல் இடம் கிடையாது. தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம், தூங்கிக்கொண்டே இருப்பது, கடைசியில் வலிப்பு என்று போகும்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரசம் சப்பென்று இருந்தால் தண்ணீர் கூடிப்போயிருக்கலாம், உப்பே குறைவாகவும் இருக்கலாம் இல்லையா, இங்கேயும் அதே கதைதான். ஏ.டி.எச். அளவுக்கு மேல் சுரந்து தண்ணீர் தேங்கினால் அதற்கு எஸ்.ஐ.ஏ.டி.எச். என்று பெயர், 1957-இல் நுரையீரல் புற்றுநோய் வந்த இரண்டு பேரிடம் முதலில் விவரித்தார்கள். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து வெளியே கொட்டினால் அது செரிப்ரல் சால்ட் வேஸ்டிங், அதை 1950-லேயே எழுதிவிட்டார்கள். லேப் ரிப்போர்ட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும்: ரத்தத்தில் சோடியம் குறைவு, சிறுநீரில் சோடியம் அதிகம். வைத்தியமோ நேர் எதிர். முதலாவதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்கு உப்பும் தண்ணீரும் ஏற்ற வேண்டும்.

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? மூளை ரத்தக்குழாயில் புடைப்பு வெடித்தவர்களுக்கு, வெடித்த நாளிலிருந்து 4 முதல் 14 நாட்கள் வரை அந்தக் குழாய்கள் சுருங்கும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்தால் மூளைக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும். 1985-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தண்ணீரைக் கட்டுப்படுத்திய 26 பேரில் 21 பேருக்கு மூளையின் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் செத்துப்போனது. இவ்வளவு காலம் கழித்தும், நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல், சோடியம் குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் வார்டில் ஒருவர், புடைப்புக்கு கிளிப் போட்டு ஆறாவது நாள். முந்தின நாள் வரை தெளிவாகப் பேசியவர் அன்று காலை மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சோடியம் 124. பெட்டுக்குக் கீழே பார்த்தால் யூரின் பை நிரம்பி நிற்கிறது, ஒரு மணி நேரத்துக்கு 350 மில்லிக்கு மேல் போயிருக்கிறது, நாக்கு காய்ந்து ஒட்டுகிறது, பல்ஸ் 110. இது தேங்கின உடம்பு இல்லை, வற்றின உடம்பு. அவருக்கு 3 சதவீத சலைனும் (உப்பு அதிகமாகச் சேர்த்த டிரிப்), உப்பைப் பிடித்து வைக்கிற ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் 134-க்கு வந்தார், மகளிடம் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார்.

அவரைப் பிழைக்க வைத்ததில் அந்த மணிக்கணக்குச் சார்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். அது சரியாக இருக்க வேண்டுமென்றால் எங்களுக்குத் தெரியாமல் எதுவும் கொடுக்காதீர்கள். பாவம், சூடு தணியட்டும் என்று இளநீர் கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான், எஸ்.ஐ.ஏ.டி.எச். இருப்பவருக்கு அதுவும் வெறும் தண்ணீர் போலத்தான். கொடுத்துவிட்டீர்களா, பரவாயில்லை, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்கிறோம், யாரும் திட்ட மாட்டோம். பாத்ரூம் போனால் கொட்டிவிடாமல் அளவு ஜாடியில் பிடித்து வையுங்கள்.

"ஏன் இவ்வளவு மெதுவா ஏத்துறீங்க" என்ற சண்டையும் நடக்கும். வலிப்பு வந்தால் முதல் சில புள்ளிகளை வேகமாக ஏற்றத்தான் செய்வோம். ஆனால் மொத்தத்தில் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் போகக் கூடாது. சோடியம் சில நாட்களாகக் குறைந்தே இருந்தால் மூளை அதற்குப் பழகியிருக்கும், சட்டென்று உயர்த்தினால் மூளைத்தண்டில் நரம்பு உறை கரைந்து, பேசவோ விழுங்கவோ முடியாமல் போகலாம். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறோம்.

மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. நன்றாக இருக்கிறார் என்று சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் சோடியம் இறங்குவது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழாம் நாள் வாக்கில் சோடியம் டெஸ்ட் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கிளம்பும் முன் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உடம்பே சுரக்கிற ஸ்டீராய்டான கார்டிசால் குறைந்தாலும் சோடியம் இறங்கும். அப்புறம், குமட்டலோ தலைவலியோ குழப்பமோ வந்தால் டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.