அம்பை 16 நெல்லுக்கு டி டெஸ்ட் போட்ட கதை

ப்ராஜெக்ட்ல ஹைப்போதிசிஸ் டெஸ்ட், அதாவது டேட்டால தெரியுத வித்தியாசம் நெசமா தற்செயலான்னு பாக்குத கணக்கு, போடணும்னு சொன்னதும் எல்லாரும் கேக்குதது எந்த மெனுவுக்கு போகணும், எதை க்ளிக் பண்ணணும்னுதான். அது ஒரு நிமிச சோலிங்க. அதுக்கு முன்னால இருக்கதுதான் நம்மள போட்டு பாடாப்படுத்தும்.

என் டாபிக் ஒத்தை நாத்து நடவு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் கார் பருவத்துல 12 வயல், ஒவ்வொண்ணுலயும் பாதி வழக்கமான நடவு, மீதி பாதி 14 நாள் நாத்தை ஒத்தையா 25 சென்டிமீட்டர் இடைவெளில நட்டது, ரெண்டுமே அம்பை 16ங்கிற நெல் ரகம்தான். தூருக்கு எத்தனை கதிருன்னு எண்ணிட்டு வான்னு கைடு சொன்னாவ. வயல்ல ஒரு அண்ணாச்சி, "ஏம்மா, தள்ளித் தள்ளி நட்டா தூருக்கு கதிரு கூடத்தான் செய்யும், ஆனா தூரே கொறஞ்சு போகும்லா"ன்னு கேட்டாவ. கணக்கு போட்டா 25க்கு 25னா சதுர மீட்டருக்கு 16 தூருதான், வழக்கமான 20க்கு 10னா 50. பெறவு கைடுகிட்ட பேசி சதுர மீட்டர் கணக்குல அறுத்து நெல் எடை எடுக்கதா மாத்திக்கிட்டோம்.

டேட்டாவ எக்செல்ல ஏத்தி ஆர் (R)ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஓட்டலாம்னு உக்காந்தா, எங்க டிபார்ட்மென்ட்ல பிஎச்டி பண்ணுத அக்கா ஒருத்தி எட்டிப் பாத்துட்டு கேட்டது இதான்: "ஏட்டி, தலைமடை வயலும் இருக்கு கடைமடை வயலும் இருக்கு, ரெண்டும் ஒண்ணா?" வாய்க்கால் பக்கத்து வயல்ல எப்படி நட்டாலும் நல்லாத்தான் வெளையும், கடைமடைல எப்படி நட்டாலும் சுமார்தான். ரெண்டு நடவையும் தனித்தனி கூட்டமா வச்சு இன்டிபென்டன்ட் டெஸ்ட் போட்டா, வயலுக்கு வயல் இருக்க இந்த பெரிய வித்தியாசத்துக்குள்ள நடவு வித்தியாசம் அமுங்கிப் போகும். ஒரே வயல்ல ரெண்டும் இருக்கதால கழிச்சுப் பாத்துட்டு அந்த 12 வித்தியாசத்துக்கு மட்டும் டெஸ்ட் போட்டா போதும், அதான் பேர்டு டி டெஸ்ட். நார்மாலிட்டிக்கு, அதாவது நம்பரெல்லாம் மணி வடிவத்துல பரவியிருக்கான்னு தெரிய, ஷாப்பிரோ வில்க் டெஸ்ட் பாக்கதும் அந்த வித்தியாசத்துக்குத்தான், ரெண்டு நடவோட காலத்துக்கும் (column) தனித்தனியா இல்ல, இத நிறைய தீசிஸ்ல மாத்தித்தான் போட்டிருக்காவ.

இந்த டி டெஸ்ட்ட கண்டுபிடிச்ச வில்லியம் காசெட் (Gosset), டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேலை பாத்தவர், கொஞ்சூண்டு சாம்பிள வச்சு எப்படி முடிவெடுக்கன்னு யோசிச்சு 1908ல ஸ்டூடென்ட்ங்கிற புனைபேர்ல எழுதினது. நம்ம 12 வயலுக்கு ஏத்த ஆளு!

ஒன் டெயிலா (ஒரு பக்கம், கூடுதான்னு மட்டும் பாக்கது) டூ டெயிலாங்கிறத (கூடினாலும் கொறஞ்சாலும் பாக்கது) டேட்டா பாக்கதுக்கு முன்னாலயே முடிவு பண்ணணும். ஒத்தை நாத்து நட்டா வெளச்சல் போச்சுன்னு சொல்லுத ஆளுங்களும் ஊருக்குள்ள உண்டு, அதனால டூ டெயில்.

இனி ஆர். யூடியூப்ல பழைய வீடியோ பாத்து ஃபார்முலா மாதிரி டில்டே (~) போட்டு பேர்டு ஈக்வல் ட்ரூன்னு (paired = TRUE) கொடுத்தா எரர் அடிக்கும், 2024ல வந்த 4.4 வெர்ஷன்லேந்து அத நிறுத்திட்டாவ. ரெண்டு காலத்தையும் (column) கமா போட்டு தனித்தனியா கொடுத்துட்டு பேர்டு ட்ரூன்னு சொன்னா ஓடிரும். பேர்டுன்னு சொல்லாம விட்டீங்கன்னா அது பாட்டுக்கு ரெண்டையும் தனித்தனி கூட்டமா எடுத்துக்கிடுத வெல்ச் டெஸ்ட் போட்டுரும், எரரும் வராது ஒண்ணும் வராது, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (12 ஜோடில ஒண்ணு கொறச்சது) 11னு முழுசா வராம புள்ளி வச்சு ஏதோ நம்பர் நிக்கும், அத வச்சு கண்டுபிடிச்சுக்கிடலாம். 11க்கு 5 சதவீதத்துல டேபிள் வேல்யூ 2.201, நம்ம டி (சராசரி வித்தியாசத்த அதோட ஸ்டாண்டர்ட் எரரால வகுத்தது) அதுக்கு மேலயான்னு கண்ணால பாத்துக்கிட்டா ஒரு திருப்தி.

கைடு எஸ்பிஎஸ்எஸ் (SPSS)ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்லயும் போட்டு காட்டச் சொன்னாவ. அனலைஸ், கம்பேர் மீன்ஸ், பேர்டு சாம்பிள்ஸ், அவ்வளவுதான், அதே நம்பர். அதுல சிக் (Sig.) கட்டத்துலதான் பி வேல்யூ, அதாவது நெசத்துல வித்தியாசமே இல்லன்னா இவ்வளவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வர வாய்ப்பு, இருக்கும்; அங்க .000ன்னு வந்தா சைபர்னு அர்த்தம் இல்ல, 0.001க்கும் கீழன்னு எழுதணும்.

அண்ணாச்சிக்கு ரிசல்ட் சொல்லப் போனா பி வேல்யூவ யாரு கேட்டா, "சிக்னிஃபிகன்ட்லாம் இருக்கட்டும், எத்தனை கிலோ கூடும்?"னாவ. அதுக்கு பதில் அந்த 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்லதான், அதாவது நெச வித்தியாசம் இதுலேந்து இது வரைக்கும் இருக்கலாம்ங்கிற எல்லைலதான், இருக்கு, அதனால தீசிஸ்லயும் அதையே முதல்ல எழுதிட்டு பி வேல்யூவ பின்னால போட்டேன். இப்ப அதே வயலுங்கள்ல கார் முடிஞ்சு வர பிசானப் பருவத்துக்கும் எடுக்கச் சொல்லுதாவ, ஒரு வயலுக்கு ரெண்டு பருவம் வந்துட்டா இந்த டி டெஸ்ட் பத்தாது, ஒரே வயல்ல திரும்பத் திரும்ப எடுத்த அளவையும் சேத்துக் கணக்கு போடுத மிக்ஸட் மாடல் படிக்கணும்.