ஜூலை நான்கு வரை பனி

ஜூன் 22, 2019, சனி

நேற்று கோடையின் முதல் நாள். வடக்கே ஸ்டீம்போட் மலையில் 20 அங்குலம் பனி கொட்டியிருக்கிறதாம். டென்வரில் ஸ்வெட்டரைத் தேடி எடுத்தோம். போன வருடம் இதே நேரத்தில் வறட்சி, காட்டுத்தீ என்று புலம்பிய மாநிலம் இது. இந்த மே மாதக் கடைசியில் வறட்சி வரைபடத்தில் கொலராடோ முழுக்க வெள்ளையாக, அதாவது எங்கும் வறட்சி இல்லாமல், இருந்தது. 2000-இல் அந்த வரைபடம் தொடங்கியதிலிருந்து இப்படி இருந்ததில்லை.

மலையில் கிடக்கும் பனி வழக்கத்தைவிட இத்தனை ஆயிரம் சதவீதம் என்று செய்தியில் சொல்கிறார்கள். ஜூன் கடைசியில் வழக்கமே பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதால் வகுத்தால் எந்த எண்ணும் வரும். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 3, புதன்

நாளையோடு நாங்கள் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, போகும் ஏ-பேசின் மலை மூடுகிறது. முழுப் பெயர் அரப்பஹோ பேசின். அப்படி யாரும் சொல்வதில்லை. ஆபீஸ் நண்பரும் அவருடைய மகளும் வருகிறார்கள். நானும் அவரும் முப்பதைத் தாண்டிய பிறகு ஸ்கீ கற்றவர்கள். அவளுக்கு ஐந்து வயதிலேயே வந்துவிட்டது.

பனி தீர்ந்துபோவதால்தான் ஸ்கீ மலைகளை மூடுகிறார்கள் என்று ஊரில் நினைப்பார்கள். இங்கே உயரமான மலைகளில் பனி உச்சத்தில் இருப்பதே ஏப்ரல் நடுவில்தான். பெரும்பாலான ரிசார்ட்டுகள் மூடுவதும் அந்தச் சமயத்தில்தான். பனி அப்படியே இருக்கும், ஆட்கள் சைக்கிளுக்கும் தோட்டத்துக்கும் போய்விடுவார்கள். கூட்டம் வராத மலையில், ஆட்களை மேலே ஏற்றிவிடும் லிஃப்டை ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஏ-பேசினில் ஹோட்டல் கிடையாது, வீடுகள் கிடையாது. அடிவாரமே 3,286 மீட்டர். இங்கே வருபவன் ஸ்கீக்காக மட்டுமே வருகிறான், அதனால் கடைசிவரை வருகிறான். 1995-இல் ஆகஸ்ட் 10 வரை ஓட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு கணக்கும் நாளை முடிகிறது. இருபது வருடங்களுக்கு மேலாக இந்த மலை, ஒரே சீட்டில் பல மலைகளுக்குப் போக வேல் (Vail) என்ற ரிசார்ட் நிறுவனம் விற்கும் பாஸில் இருந்தது. கூட்டம் தாங்கவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்று பிப்ரவரியில் மலைக்காரர்களே விலகுவதாக அறிவித்துவிட்டார்கள். கூட்டம் அதிகம் என்பதற்காக வாடிக்கையாளரைக் குறைத்துக்கொள்ளும் வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, என் பாஸ் செல்லாமல் போனாலும்.

ஜூலை 4, வியாழன்

விடியுமுன் கிளம்பினோம். வண்டி நிறுத்துமிடத்தின் முன்வரிசைக்கு இங்கே 'பீச்' என்று பெயர். அங்கே இடம் பிடிக்க நாங்கள் போனதே லேட். கிரில் மூட்டி, நாற்காலி விரித்து, நாய்களைக் கட்டிப்போட்டு, திருவிழாத் திடல் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். சுதந்திர தினம் வேறு. கொடித் துணியில் கால்சட்டை, ஹவாய் சட்டை, ஒருவர் வெறும் நீச்சல் உடை. விழுந்தால் பனியின் சொரசொரப்பு முதுகுத் தோலை உரித்துவிடும். அவருக்கென்ன.

காற்று உறைநிலைக்கு மேலே இருந்தாலும், வானம் தெளிந்த இரவில் பனியின் மேல்தோல் வெப்பத்தை இழந்து இறுகிவிடும். காலையில் அது கட்டாந்தரை. வெயில் ஏற ஏற மேலே ஓர் அங்குலம் மட்டும் குருணை குருணையாக இளகும். ஸ்கீ கத்தி போல வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பதம் மிஞ்சினால் ஒரு மணி நேரம்தான். அதைத் தவறவிட்டால் கூழ்தான்; காலைப் பிடித்து இழுக்கும். எங்களுக்கு அது நன்றாகவே கிடைத்தது. திறந்திருந்த பாதைகள் கொஞ்சம், ஆள் அதிகம், ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

"மாமா, முட்டி வலிச்சா சொல்லுங்க, நான் மெதுவா போறேன்" என்றாள் நண்பரின் மகள். மெதுவாகவெல்லாம் போகவில்லை.

பத்தரைக்குமேல் கூழ். உருகிய நீர் தேங்கிய குட்டையை ஸ்கீயிலேயே தாண்டப் பார்த்து ஒவ்வொருவராக நடுவில் அமிழ்ந்தார்கள். வேகம் குறையாமல், பின்பக்கம் எடையைச் சாய்த்துப் போனால் தாண்டலாம். நண்பர் கூடாது என்றார். மகள் அதற்குள் அக்கரையில் நின்று கையாட்டினாள்.

சன்ஸ்க்ரீனை இரண்டு மணிக்கொரு தரம் பூசினேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். கீழேயிருந்து பனி வேறு திருப்பி அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள் பூச மறந்தவர்களை நாளை பார்த்தாலே தெரியும்.

ஜூலை 6, சனி

ஸ்கீயின் அடிப்பக்கம் கன்னங்கரேல். பாலைவனப் புழுதி, மகரந்தம், எண்ணெய், எல்லாம் கடைசிப் பனியில்தான் சேரும். வெதுவெதுப்பாக ஒரு முறை வாக்ஸ் (மெழுகு) ஓட்டிச் சுரண்டி அழுக்கை எடுத்தேன். அப்புறம் தடிமனாக இன்னொரு பூச்சு. அதைச் சுரண்டக் கூடாது, அடிப்பக்கம் காயாமல், ஓர இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். ஸ்கீ பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி பால்கனியில் வைத்திருக்கிறேன். நாற்றம் தாங்காமல் வீட்டில் ஒரு சண்டை முடிந்தது.

அடுத்த வருடம் எந்த பாஸ் என்று நண்பர் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். விலை ஏறுவதற்குள் சொல்ல வேண்டுமாம். ஏ-பேசின் எதில் சேரப்போகிறது என்று தெரியாமல் நான் வாங்கமாட்டேன் என்று பதில் போட்டேன்.