கலிஃபோர்னியாவில் பி லைசென்ஸ்: பரீட்சைக்கு முன்னால் நாலு வருஷக் கணக்கு

கலிஃபோர்னியாவில் பொதுக் கட்டட கான்ட்ராக்டர் லைசென்ஸ், அதாவது பி லைசென்ஸ், எடுக்க முடிவு செய்ததும் பலர் முதலில் பரீட்சைக்குப் படிக்க உட்காருகிறார்கள். படிப்பது நல்லதுதான். ஆனால் பரீட்சையை இன்னொரு முறை எழுதிக்கொள்ளலாம். விண்ணப்பம் சிக்கி மாதக்கணக்கில் நிற்பது அனுபவச் சான்றில்தான். அதனால் இந்தப் பதிவில் சான்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் லைசென்ஸ் யாருக்கு வேண்டும் என்று பார்ப்போம். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், பர்மிட் தேவைப்படக் கூடாது, கூட ஆள் வைக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்யலாம். 2024 முடியும் வரை அந்த வரம்பு 500 டாலராக இருந்தது. பெரிய வேலையை 900, 900 என்று பில் பிரித்துப் போட்டாலும் சட்டம் அதை ஒரே வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும். மீறினால் முதல் தடவையே 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். இதைவிடக் கனமான அடி சிவில் கோர்ட்டில் விழும். லைசென்ஸ் இல்லாதவர் பாக்கிப் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. வீட்டுக்காரரோ ஏற்கெனவே கொடுத்ததையும் முழுசாகத் திருப்பிக் கேட்கலாம். வேலை சுத்தமாக முடிந்தது, பொருளெல்லாம் கைக்காசு போட்டு வாங்கியது என்று சொன்னாலும் எடுபடாது.

லைசென்ஸ் தருவது கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு. சுருக்கமாக சி.எஸ்.எல்.பி. ஏ என்பது சாலை, பாலம், அணை போன்ற பொறியியல் வேலைக்கு. பி என்பது கட்டடத்துக்கு. சி என்று தொடங்குபவை எல்லாம் தனித் தொழில்கள்: சி-10 எலெக்ட்ரிக்கல், சி-36 பிளம்பிங், சி-39 கூரை, இப்படி.

பி லைசென்ஸ் கையில் இருந்தால் எந்த வேலையையும் எடுக்கலாம் என்ற எண்ணம் ரொம்பப் பேரிடம் இருக்கிறது. அது சரியில்லை. ஒரு கான்ட்ராக்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 2 தொழிலாவது இருக்க வேண்டும். ஃப்ரேமிங்கும் (மரச் சட்டங்களால் வீட்டின் எலும்புக்கூட்டை நிறுத்துவது) தச்சு வேலையும் அந்த இரண்டில் சேராது. கிச்சனைப் பிரித்து பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) என்று மாற்றிக் கட்டுகிறீர்கள் என்றால் பி போதும். அதே வீட்டில் தண்ணீர்க் குழாயை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் அது சி-36 காரரின் வேலை. ஃப்ரேமிங்கை மட்டும் தனி கான்ட்ராக்டாக எடுக்க அனுமதி உண்டு. தீயணைப்பு ஸ்பிரிங்க்ளருக்கு சி-16, கிணறு தோண்ட சி-57 கட்டாயம். அந்த லைசென்ஸ் உங்களிடம் இல்லையென்றால், இருப்பவருக்கு சப்-கான்ட்ராக்ட் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஏற்கெனவே உள்ள மர ஃப்ரேம் வீடுகளில் ரீமாடல் மட்டும் செய்பவர்களுக்கு 2021 முதல் பி-2 என்ற பிரிவு இருக்கிறது. கான்ட்ராக்டில் 3 தொழில் இருக்க வேண்டும், பாரம் தாங்கும் சுவரில் கை வைக்கக் கூடாது. ஃப்ரேமிங் அனுபவம் இல்லாத, ஆனால் பாத்ரூம், கிச்சன் வேலையில் தேர்ந்தவர்களுக்கு இதுவே பொருத்தம். பி-க்கு முட்டி மோதிக்கொண்டு இருக்க வேண்டாம்.

இனி அந்த நாலு வருஷம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 வருஷத்துக்குள் 4 வருஷ முழுநேர அனுபவம் காட்ட வேண்டும். எந்த நிலையில் செய்த வேலை என்பது முக்கியம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் சித்தாளாக இருந்த காலம் சேராது, கொத்தனாராக நின்ற நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தராமல் அந்தத் தொழிலைத் தானே முடிக்கத் தெரிந்தவர், ஃபோர்மேன், சூப்பர்வைசர், கான்ட்ராக்டர், சொந்த வீட்டைத் தானே கட்டியவர் ஆகிய நிலைகளை போர்டு ஏற்கும். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதி நேரமாக 4 வருஷம் செய்திருந்தால் அது 2 வருஷமாகத்தான் கணக்கில் வரும்.

படிப்புக்கும் கழிவு உண்டு. கட்டடக்கலை, கட்டுமானத் தொழில்நுட்பம், இந்தத் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்ஜினியரிங் என 4 வருஷப் பட்டம் இருந்தால் அதிகபட்சம் 3 வருஷம் வரை கிடைக்கும். தமிழ்நாட்டில் பி.இ. சிவில் முடித்துவிட்டு இங்கே வந்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும். கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலும், அது அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்ற மதிப்பீட்டு அறிக்கையும் தேவை. வந்து சேர நாளாகும், எனவே முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள். எவ்வளவு படித்திருந்தாலும் 1 வருஷமாவது களத்தில் நின்ற அனுபவம் வேண்டும்.

அனுபவச் சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். முதலாளி, கூட வேலை செய்தவர், இன்னொரு கான்ட்ராக்டர், பில்டிங் இன்ஸ்பெக்டர், ஆர்கிடெக்ட், இன்ஜினியர், வாடிக்கையாளர் என யாரும் தரலாம். அவர் எழுதுவது சத்தியப் பிரமாணம், பொய்யென்றால் அவருக்கும் வழக்கு. நட்புக்காகக் கையெழுத்துக் கேட்டு ஒருவரை அந்த இடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

வேலை விவரம் எழுதும் கட்டத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘வீடு கட்டும் வேலை எல்லாம் செய்தார், நல்ல உழைப்பாளி’ என்று எழுதினால் அதை வைத்து போர்டில் இருப்பவர் எதையும் தீர்மானிக்க முடியாது. இப்படி எழுதியிருந்தால் தீர்மானிக்கலாம்: ‘தரைத் தளம் முதல் கூரை வரை மர ஃப்ரேமிங்: 16 அங்குல இடைவெளியில் ஸ்டட் நிறுத்துதல், ஜன்னல் வாசலுக்கு ஹெடர் வைத்தல், ஷியர் வாலுக்கு ப்ளைவுட் அடித்தல், ராஃப்டர் வெட்டி ஏற்றுதல். கான்கிரீட்: ஃபார்ம் கட்டுதல், கம்பி கட்டுதல், ஸ்லாப் ஊற்றி முடித்தல். டிரைவால்: பலகை பொருத்துதல், இணைப்பில் டேப் ஒட்டுதல், மட் பூசுதல். 2019 மார்ச் முதல் 2023 ஜூன் வரை, வாரம் 40 மணி நேரம்.’ இதில் ஃப்ரேமிங் இருக்கிறது. அதற்கு மேல் தொடர்பில்லாத 2 தொழிலும் இருக்கின்றன. தேதி, மணி நேரம் இரண்டும் இருக்கின்றன. பி லைசென்ஸுக்கு வேண்டியது இதுதான். ஃப்ரேமிங்கே இல்லாமல் பெயின்ட்டும் டைல்ஸும் மட்டும் இருந்தால் கேள்வி வரும்.

விண்ணப்பங்களில் குறைந்தது 3 சதவீதத்தைக் குலுக்கல் முறையில் எடுத்து விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சந்தேகம் வந்தால் அதற்கு வெளியிலும் ஆதாரம் கேட்பார்கள். டபிள்யூ-2, 1099 ஆகிய வருமானப் படிவங்கள், சம்பளச் சீட்டு, பர்மிட் நகல், கான்ட்ராக்ட், பொருள் வாங்கிய பில் எல்லாவற்றையும் வருஷவாரியாக அடுக்கி வைத்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். ஒரு சிக்கலை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சான்று தரும் கான்ட்ராக்டர், ‘என்னிடம் ஊழியர் யாரும் இல்லை’ என்று போர்டுக்கு எழுதிக் கொடுத்து தொழிலாளர் இன்ஷூரன்ஸிலிருந்து (வேலையில் அடிபடும் ஊழியருக்கான காப்பீடு) விலக்கு வாங்கியவராக இருக்கலாம். அதே வருஷங்களில் நீங்கள் அவரிடம் முழுநேரம் வேலை செய்ததாகச் சான்று சொன்னால் இரண்டு காகிதமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சொந்த வீட்டைக் கட்டிய அனுபவத்தைக் காட்டுபவர் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் 450 டாலர், திரும்பக் கிடைக்காது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லையென்றால் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் போதும். முன்பு கேட்ட 2,500 டாலர் மூலதனக் கணக்கு 2016-இலேயே போய்விட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நம்மவர்கள் இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, டிரைவர் லைசென்ஸில் வேறு வரிசையில், வங்கியில் இனிஷியலோடு என்று மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பம், லைவ் ஸ்கேன் கைரேகை, பரீட்சை மையத்தில் காட்டும் அடையாள அட்டை, கடைசியில் பாண்ட் (வாடிக்கையாளருக்கான உத்தரவாதப் பத்திரம்) என எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை வேண்டும். மாறியிருந்தால் விண்ணப்பம் போடும் முன்பே சரி செய்யுங்கள். லைவ் ஸ்கேனுக்கு மாநிலத்துக்கு 32, எஃப்.பி.ஐ.க்கு 17 டாலர், கைரேகை எடுக்கும் கடைக்காரர் கூலி தனி.

பரீட்சை இரண்டு: சட்டமும் தொழில் நிர்வாகமும் ஒன்று, கட்டடத் தொழில் இன்னொன்று. கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. போர்டின் தளத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் இலவச வழிகாட்டி இருக்கிறது. அதில் எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பணம் கொடுத்துப் பயிற்சி வகுப்பில் சேரும் முன் அதை ஒரு முறை படித்துவிடுங்கள். ஆர்.சி.சி. தூண், உத்தரம், செங்கல் சுவர் என்று ஊறியவருக்கு மர ஃப்ரேமிங் புதுப் பாடம்.

தொழில் தாளில் கணக்கு வரும். அங்கே அனுபவசாலிகளே சறுக்குவதுண்டு. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் 109 அங்குலம் என்று வையுங்கள். வீட்டுப் படியின் ரைசர், அதாவது ஒரு படி எழும்பும் உயரம், 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 109-ஐ 7.75-ஆல் வகுத்தால் 14.06. ‘கிட்டத்தட்ட 14’ என்று போட்டால் ஒவ்வொரு ரைசரும் 7.79 அங்குலம், விதி மீறிவிட்டது. 15 போட வேண்டும், அப்போது 7.27 அங்குலம். கால் வைக்கும் பகுதியான ட்ரெட்டின் எண்ணிக்கை ரைசரைவிட ஒன்று குறைவு. 14 ட்ரெட், ஒவ்வொன்றும் குறைந்தது 10 அங்குலம் என்றால் படிக்கட்டு ஓடும் நீளம் 140 அங்குலம்.

படுக்கையறையின் அவசர வழி ஜன்னலும் இப்படித்தான். திறந்தால் குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், 5.7 சதுர அடி வழி, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 20-க்கு 24 என்று ஜன்னல் வைத்தால் வழி 3.33 சதுர அடிதான். அகலம் 20 என்றால் உயரம் 41 அங்குலத்துக்குச் சற்று மேலே வேண்டும். இரண்டு குறைந்தபட்ச அளவையும் ஒன்றாக வைத்தால் மூன்றாவது விதி விழுந்துவிடும். தளத்தில் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பும் ஜன்னலும் இதே தவறால் வருவதுதான். கான்கிரீட்டுக்கு அங்குலத்தை அடியாக மாற்றிவிட்டு, கடைசியில் 27-ஆல் வகுக்க மறக்காதீர்கள்: 20-க்கு 30 அடி, 4 அங்குல ஸ்லாப் 200 கன அடி, அதாவது 7.4 கன யார்டு. 10 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 8.15.

சட்டத் தாளுக்குப் படிப்பது பிறகு தொழிலையும் காப்பாற்றும். வீட்டு ரீமாடலுக்கு முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுதான். 60,000 டாலர் வேலைக்கு 6,000 வாங்கினால் தவறு, 1,000-தான் வாங்கலாம். அதன் பிறகு வாங்கும் தவணை முடிந்த வேலையையும் வந்து இறங்கிய பொருளையும் தாண்டக் கூடாது. கான்ட்ராக்டை ரத்து செய்ய வீட்டுக்காரருக்கு 3 வேலை நாள் உண்டு, 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு 5 வேலை நாள். வேலையில் மாற்றம் வந்தால் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டு தாளும் தேறிய பிறகு ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய, புத்தகத்தைப் பார்த்தே எழுதும் சிறு தேர்வு. அதன் பின் லைசென்ஸ் கட்டணம்: தனி உரிமையாளருக்கு 200 டாலர், மற்றவர்களுக்கு 350.

பாண்ட் 25,000 டாலருக்கு. இதைப் பலர் இன்ஷூரன்ஸ் என்று நினைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு பாண்ட் நிறுவனம் பணம் கொடுத்தால் அதை உங்களிடமிருந்து வசூலிப்பார்கள், பாதுகாப்பு அவருக்குத்தான். வருஷப் பிரீமியம் உங்கள் கிரெடிட் ஸ்கோரைப் பொறுத்தது. எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரம்புக்குட்பட்ட நிறுவனம்) என்றால் தொழிலாளர்களுக்காக இன்னொரு 100,000 டாலர் பாண்டும், குறைந்தது 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். ஒருவராகத் தொடங்குபவர் இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு எல்.எல்.சி. பற்றி முடிவெடுக்கட்டும்.

அனுபவம் இல்லாத நிறுவனம் தகுதியுள்ள ஊழியர் ஒருவரை வைத்து லைசென்ஸ் பெறலாம். ஆனால் அவர் வாரத்துக்கு 32 மணி நேரமோ, நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 சதவீதமோ, எது குறைவோ அவ்வளவாவது அங்கே உண்மையில் வேலை செய்ய வேண்டும். மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் கொடுப்பது லைசென்ஸை வாடகைக்கு விடுவதாகும். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகத் தொழிலாளர் இன்ஷூரன்ஸ். ஆள் இல்லாத பி லைசென்ஸ்காரர் விலக்குப் படிவம் கொடுக்கலாம். பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு உதவியாளை வைத்தாலும் அன்றைக்கே பாலிசி இருக்க வேண்டும். பாலிசி காலாவதியானால் லைசென்ஸ் தானாகவே நிறுத்தப்படும். அந்த இடைவெளியில் செய்த வேலைக்கு, மேலே சொன்ன அதே விதி பாயும்: பாக்கி கேட்க முடியாது, வாங்கியதையும் திருப்ப வேண்டி வரலாம். பிரீமியம் கட்டும் தேதி, பாண்ட் முடியும் தேதி, 2 வருஷத்துக்கு ஒரு முறை வரும் லைசென்ஸ் புதுப்பிப்பு மூன்றையும் போனில் அலாரமாகப் போடுங்கள். போர்டின் தளத்தில் மாதம் ஒரு முறை உங்கள் லைசென்ஸ் எண்ணைத் தட்டிப் பாருங்கள். நிலைமை ‘ஆக்டிவ்’ என்று இல்லாவிட்டால் காரணமும் அங்கேயே இருக்கும்.