4294967297-க்கு யார் சாட்சி?

எங்கள் குழுவில் ஓர் இளைஞர் எழுதிய நிரலை நான் திருப்பி அனுப்பினேன். அதைப் பற்றிய பேச்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கொடுத்த எண் பகா எண்ணா என்று சொல்லும் சின்ன ஃபங்ஷன் அது. மில்லர்-ராபின் சோதனைதான்: அடிமானம் என்று ஒரு சிறிய எண்ணை எடுத்து, அதன் அடுக்குகளைக் கொடுத்த எண்ணால் வகுத்து, வரும் மீதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லும். ஆனால் அவர் அடிமானம் 2 ஒன்றை மட்டுமே வைத்திருந்தார். நான் 4294967297-ஐக் கொடுத்துப் பார்த்தேன். பகா எண் என்றது.

2-இன் 32-ஆவது அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த எண். அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் இந்த வகையில் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால், அடுத்தடுத்து வருபவையும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் 4294967297-ஐ 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இதன் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். அந்த வரிசையில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

2 ஏன் ஏமாறுகிறது? 2-இன் 32-ஆவது அடுக்கு இந்த எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவு. மீதி இப்படி ஒன்று குறைவாக வருகிறதா என்றுதான் சோதனையும் தேடுகிறது; வந்தால் பகா எண் என்றுவிடும். 2-ஆல் ஆன எண்ணுக்கு 2-ஐயே சாட்சிக்குக் கூப்பிட்டால் வேறென்ன சொல்லும்? 3-ஐ வைத்தால் குட்டு உடைந்துவிடும்.

அவர் விடவில்லை. "அண்ணா, 2500 கோடிக்குள்ள இப்படி ஏமாத்துற எண்கள் மொத்தமே 4842தான். பகா எண்கள் நூறு கோடிக்கு மேல இருக்கு. இது போதாதா?"

கணக்கு சரிதான். ஆனால் இது யதேச்சையாக வந்து விழும் எண் இல்லை. கணினியில் 32 பிட்டில் அடங்கும் எண்களின் எல்லையைத் தாண்டியதும் நிற்கிறது. சோதித்துப் பார்ப்பவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். அதனால் அடிமானங்களாக 2, 7, 61 மூன்றையும் வைக்கச் சொன்னேன். 4759123141-க்குக் கீழே இந்த மூன்றையும் ஏமாற்றும் எண் கிடையாது. எங்களுக்கு வரும் எண்களோ 450 கோடியைத் தாண்டாது.

"அதை நீங்க சரிபார்த்தீங்களா?"

"இல்லை. 1993-இல் யேஷ்கே என்ற கணிதவியலாளர் கணக்கிட்டு வெளியிட்டது."

"அப்போ நீங்களும் நம்பித்தானே சொல்றீங்க?"

இரண்டும் ஒன்றில்லை என்றேன். அவருடையது 'பெரும்பாலும் சரி', என்னுடையது அந்த எல்லைக்குள் 'எப்போதும் சரி'. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த 'எப்போதும்' எனக்கு வந்தது அச்சிட்ட தாளிலிருந்து. நானாகப் போட்டுப் பார்த்த கணக்கிலிருந்து அல்ல. அவருடைய 4842-உம் அப்படி ஒரு தாளில் வந்ததுதான்.

யாரையும் நம்பத் தேவையில்லாத வழி ஒன்று இருந்தது. 450 கோடியின் வர்க்கமூலம் ஏறத்தாழ 67082; அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 641 தானாகவே வந்து மாட்டியிருக்கும். வேகம் குறையும் என்று நான்தான் அதை ஒதுக்கினேன். அவரும் வேகத்துக்காகத்தான் 2-ஐ மட்டும் வைத்திருந்தார். அவருடைய 'போதும்' கூடாது, என்னுடைய 'போதும்' சரி என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. அதை அவர் ஏற்கும்படி இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.