ஓடாத வண்டிக்குக் கிரீஸ் அடித்த கதை

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கனரக வாகனப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறேன். லாரி, டிரெய்லர் எல்லாம் பழகிய கை. தீயணைப்பு வண்டியை மட்டும் தொட்டதில்லை. ஜூரோங் தீவில் உள்ள ஒரு ஆலைக்குச் சொந்தமான வண்டி ஆறு மாத சர்வீஸுக்கு வந்திருந்தது. அவசர எண் 995க்குக் கூப்பிட்டால் வரும் வண்டி இல்லை இது. ஆலையின் அவசரக் குழுவே வைத்திருப்பது.

மீட்டரில் 9,000 கிலோமீட்டர்கூட இல்லை. "அண்ணே, இதுல என்ன இருக்கு? அரை நாள்ல முடிச்சிடலாம்" என்றேன். சூப்பர்வைசர் அண்ணன் பேசாமல் பக்கத்து மீட்டரைக் காட்டினார். இன்ஜின் ஓடிய மணி நேரம். வண்டி நின்ற இடத்திலேயே இருக்கும், பம்புக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தைச் சுமார் 50 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது வழக்கமாம். அப்படிப் பார்த்தால் ஆயில் மாற்றும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

ஆயிலும் ஃபில்டரும் சீக்கிரம் முடிந்தன. கிரீஸ்தான் இழுத்துவிட்டது. முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, மேலிருக்கும் எடை விலகிய பிறகே கிங்பின்னுக்கு, அதாவது முன் சக்கரம் திரும்பும் முளைக்கு, அடிக்க வேண்டும். இல்லையென்றால் பளு தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. அப்புறம் ஸ்பிரிங் பின்கள், பிரேக் அட்ஜஸ்டர்கள், கடைசியாகப் பம்புக்குப் போகும் ஷாஃப்ட். அதன் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸில் நாலு கப். கிரீஸ் கன்னை அழுத்தினால் நாலிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மூன்றில் வந்தது. நாலாவது வாயைத் திறக்கவில்லை.

லாரியாக இருந்தால் மூன்று வந்ததே போதும் என்று துடைத்துவிட்டு நகர்ந்திருப்பேன். பொய் சொல்வானேன், பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். அண்ணன் விடவில்லை. ஷாஃப்ட்டைத் திருப்பி, அசைத்து, கடைசியில் அந்தக் கப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி அடித்ததும் வந்தது. செங்கல் பொடியைக் குழைத்த மாதிரி சிவந்த துரு. உள்ளே தண்ணீர் போய் ஊசி பேரிங்கை அரித்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இதுதான் சாபம். கிராஸையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆலைக்காரர்களுக்கு எரிச்சல், வண்டி திரும்பும்வரை அவர்கள் மாற்று வண்டி ஏற்பாடு செய்தாக வேண்டுமே.

மறுநாள் பம்பை ஓட்டிப் பார்க்கும்போது நான் ஒரு கூத்து அடித்தேன். பம்பிலிருந்து ஷாஃப்ட் வெளியே வரும் கிளாண்டில், அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றிய பேக்கிங் கயிற்றை நட்டால் இறுக்கும் இடத்தில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒழுகலை நிறுத்துகிறேன் பேர்வழி என்று நட்டை நன்றாக முறுக்கினேன். சொட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை, கையை வைக்க முடியாத சூடு. "தம்பி, அணைடா!" என்று அண்ணன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பேக்கிங்குக்கு எண்ணெயும் குளிர்ச்சியும் எல்லாமே அந்தச் சொட்டுத் தண்ணீர்தான். அதை அடைத்தால் பேக்கிங் கருகும், ஷாஃப்ட்டில் கோடு விழும். மெக்கானிக்கல் சீல் வைத்த பம்புகள் வேறு ரகம், அவை ஒழுகினால் பழுது. இது பழைய பாணி. நல்லவேளை, ஷாஃப்ட் தப்பித்தது. புதுப் பேக்கிங் போட்டு, பம்பு ஓட ஓட நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, சொட்டுகளை எண்ணி எண்ணி, அளவாகச் சொட்டும்படி வைத்தோம்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஆலையின் தீயணைப்புக் குழுவில் ஒரு வயதான தமிழர் பம்பை ஓட்டிப் பார்த்தார். குனிந்து, "என்ன தம்பி, இன்னும் சொட்டுதே?" என்றார்.

"அது சொட்டணும் அங்கிள்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது முன்பே தெரியும் போலிருக்கிறது.